புள்ளி நகராவிட்டால் கப்பல் பழுதா?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருபவர்: ஹட்டனில் வசிக்கும் ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி

கேள்வி: ஐயா, என் மகன் இங்கிலாந்துக்குக் கிழக்கே, கடல் காற்றாலைகளைப் பராமரிக்கும் கப்பலில் குசினி வேலை செய்கிறான். கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டும் ஆப் ஒன்றைப் பேத்தி என் போனில் போட்டுத் தந்தாள். புள்ளி மணிக்கணக்காக ஒரே இடத்தில் நிற்கிறது. ‘இயக்கம் கட்டுப்பட்டது’ என்று பக்கத்தில் இங்கிலீசில் எழுதியிருக்கிறதாம். போன கிழமை ஒரு ராத்திரி முழுக்கப் புள்ளியே இல்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது. – ஒரு தாய், தலவாக்கலை

பதில்: அம்மா, முதலில் அந்த எழுத்து. அது பழுது என்ற அறிவிப்பே இல்லை. ‘நான் வேலையில் நிற்கிறேன், விலகி வழிவிட என்னால் முடியாது, நீங்கள் ஒதுங்கிப் போங்கள்’ என்று மற்றக் கப்பல்களுக்குச் சொல்வது. வாட்ச் நிற்கும் அதிகாரி தன் கையாலேயே அதைப் போடுவார். நானும் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். கட்டுப்பாடு இழந்த கப்பலுக்கு வேறு வாசகம் உண்டு.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அது வாரக்கணக்கில் கடலிலேயே தங்கும் கப்பல். எஸ்.ஓ.வி. என்போம். காற்றாலையின் பக்கத்தில் போய், நங்கூரம் போடாமலே நிற்கும். செயற்கைக்கோளிலிருந்து இடத்தையும் கருவிகளிலிருந்து காற்றின் வேகத்தையும் கணினி வாங்கி, கப்பலை நாலு பக்கமும் தள்ளும் த்ரஸ்டர்களை விடாமல் இயக்கிக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு நடைபாலம் நீண்டு, காற்றாலையின் மேடையைத் தொடும். அலை கப்பலைத் தூக்கினாலும் பாலத்தின் நுனி அசையாதபடி ஹைட்ரோலிக் கைகள் சரிசெய்யும். டெக்னீசியன்கள் அதில் நடந்தே போவார்கள். அந்த நேரத்தில் பாலம் எட்டும் எல்லையைக் கப்பல் தாண்டவே கூடாது. ஆகவே புள்ளி நகராமல் நின்றால், மேலே இருக்கும் அதிகாரி தன் வேலையைச் சரியாகச் செய்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அலை மூன்று மீட்டரை நெருங்கினால் பாலம் போடமாட்டார்கள். கடல் தணியும்வரை காத்திருப்பார்கள். அப்படிப்பட்ட கப்பலுக்கு அந்த அலை ஒரு பொருட்டில்லை. உங்கள் மகனுக்குத்தான் அன்று வேலை கூடும், எல்லாருக்கும் பகல் சாப்பாடு கப்பலிலேயே என்பதால்.

இனி, புள்ளி மறைந்த கதை. கப்பலில் ஏ.ஐ.எஸ். என்ற கருவி இருக்கிறது. ஓடும்போது சில செக்கன்களுக்கு ஒருமுறையும், கட்டி நிற்கும்போது 3 நிமிடத்துக்கு ஒருமுறையும் பெயரையும் இடத்தையும் ரேடியோவில் சொல்லும். பள்ளத்து லயத்தில் கிடைக்காத சிக்னல் மேட்டுக்கு ஏறியதும் வருகிறதே, அதே விசயம்தான்: அங்கே மலைக்குப் பதிலாகப் பூமியின் வளைவு மறைக்கிறது. கரையிலுள்ள அன்டெனாவுக்குச் சாதாரணமாக 40 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 75 கிலோமீட்டர் வரைதான் கேட்கும். ஹோர்ன்சீ 2 காற்றாலைத் தொகுதி யோர்க்‌ஷயர் கரையிலிருந்து 89 கிலோமீட்டர்; டொகர் பேங்க் 130-ஐத் தாண்டும். வானிலை சாதகமாக இருந்தால் ஒரு நாள் கேட்கும், மறுநாள் கேட்காது. செயற்கைக்கோள் வழியாகவும் பிடிக்கலாம், ஆனால் இலவச ஆப்புகளில் பெரும்பாலும் அதற்குக் காசு கேட்பார்கள். கப்பல் பேசிக்கொண்டுதான் இருந்தது அம்மா, கரைக்குக் கேட்கவில்லை.

அதைவிட முக்கியம்: கரையில் 24 மணி நேரமும் ஆள் இருக்கும் ஒருங்கிணைப்பு அறை ஒன்று உண்டு. எந்தக் காற்றாலையில் யார் ஏறியிருக்கிறார், கப்பலில் யார் யார் என்று பெயர் பெயராக அவர்களிடம் இருக்கும். உங்கள் போனை நம்பி அங்கே யாரும் இல்லை.

மகன் அடுத்த முறை பேசும்போது கப்பலின் 7 இலக்க ஐ.எம்.ஓ. இலக்கத்தைக் கேளுங்கள். ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடுகின்றன, நீங்கள் பார்ப்பது வேறு கப்பலாகவும் இருக்கலாம். கம்பனியின் அவசரத் தொலைபேசி இலக்கத்தையும் வாங்குங்கள். அவன் கொடுத்திருக்கும் உறவினர் படிவத்தில் உங்கள் இப்போதைய இலக்கம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய சிம் இலக்கத்தோடு அப்படியே விட்டிருக்கும் பிள்ளைகள் பலர். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: மன்னார் காற்றாலைகளுக்கும் இப்படிக் கப்பல் போகிறதா? – மாணவி, நுவரெலியா

பதில்: இல்லை மகள். தம்பபவனியின் 30 காற்றாலைகளும் மன்னார்த் தீவில், தரையில் நிற்கின்றன. நீங்கள் அம்பேவலையில் பார்ப்பவை போல, அங்கேயும் லொறியில்தான் போவார்கள்.

கேள்வி: இந்தக் கப்பல்களில் வேலை எடுத்துத் தர ஒரு முகவர் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? – இளைஞர், பண்டாரவளை

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயப்படி, வேலை எடுத்துத் தருவதற்கென்று கப்பல் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கவே கூடாது. மருத்துவச் சான்றிதழ், கடவுச்சீட்டு, கப்பலாளர் புத்தகம் ஆகியவற்றின் செலவை உங்கள் மேல் போடலாம், அவ்வளவுதான். முகவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கொழும்பிலுள்ள வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தில் விசாரியுங்கள். அதுவரை வீட்டு நகையில் கை வைக்க வேண்டாம்.