இட்டேரி, ரிசர்வ் சைட், பஞ்சாயத்து அப்ரூவல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கொங்குப் பக்கத்து நகராட்சிகளில் நகரமைப்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனைப்பிரிவு, கட்டட அனுமதி, நில உபயோக மாற்றம் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: அ-பதிவேடும் (சர்வே எண் வாரியாக நிலத்தின் வகை எழுதிய வருவாய்த் துறைக் கணக்கு) புலப்படமும் (அந்த எண்ணின் அளவு வரைபடம்) பார்க்காமல் எந்த இடத்துக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இரண்டையும் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம்.

பல்லடம்: அண்ணா, பஞ்சாயத்து அப்ரூவல் சைட் ஒன்று அஞ்சு செண்ட், விலை குறைவாக வருகிறது. வாங்கலாமுங்களா?

வேண்டாம். மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் தருவது நகர் ஊரமைப்புத் துறை, அதாவது டிடிசிபி. அது வந்த பிறகுதான் ஊராட்சியோ நகராட்சியோ இறுதி அனுமதி தர முடியும். தலைவர் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் மட்டும் இருக்கிற வரைபடத்துக்கு மதிப்பு இல்லை. 2016 அக்டோபர் 20 வரை விற்ற அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதி வந்தது, உங்கள் சைட் அதில் வரன்முறையாகியிருந்தால் அந்த உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள். புதிய மனைப்பிரிவு 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரேரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

ஈரோடு: சொந்த வீடு கட்டுகிறோம். சுயசான்று அனுமதி போதுமா ஐயா?

2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் என்றால் போதும். 2024 ஜூலையில் வந்த நல்ல ஏற்பாடு இது, ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியதில்லை. ஆனால் மனை அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும், வரைபடத்தில் விட்டதாகக் காட்டிய பக்க இடைவெளியைத் தரையிலும் விட வேண்டும். சான்று கொடுப்பது நீங்கள், அதனால் பிசகினால் பொறுப்பும் உங்களுடையதுதான்.

கரூர்: சொத்து வரி அதிகமாகப் போட்டுவிட்டார்கள்...

வருவாய்ப் பிரிவில் மனுக் கொடுங்கள். அது என் துறை இல்லை.

காங்கேயம்: எங்கள் தோட்டத்துக்குப் போகிற இட்டேரியைப் பக்கத்தில் சைட் போட்டவர்கள் கம்பி வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். தாத்தா காலத்து வழிங்க. நகராட்சியில் கேட்டால் தாலுகா ஆபீஸ் போகச் சொல்கிறார்கள், அங்கே போனால் கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறார்கள்.

இது நம் பக்கத்தில் தினம் நடக்கிற அநியாயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டி போகிற தடம், பார்வைக்கு எல்லா இட்டேரியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். காகிதத்தில் இரண்டு வகை உண்டு. உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் போனால் அலைக்கழிப்பார்கள்.

கிராம வரைபடத்தில் அந்தத் தடத்துக்குத் தனி சர்வே எண்ணோ உட்பிரிவோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதே எண்ணை அ-பதிவேட்டில் தேடுங்கள். 'புறம்போக்கு' என்றும் குறிப்பில் 'பாதை' அல்லது 'வண்டிப்பாதை' என்றும் இருந்தால் அது அரசு நிலம், யாரும் அடைக்க முடியாது. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து வேலியை எடுக்க வேண்டியது அரசின் வேலை. தாசில்தாரிடம் அளவீட்டுக்கு மனு, அதன் நகல் நகராட்சி ஆணையாளருக்கு, இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தனி எண் இல்லாமல் தடம் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுகிறது என்றால் உங்கள் மூலப் பத்திரத்தை எடுங்கள். பழைய கிரயங்களில் நான்குமால், அதாவது நான்கு பக்க எல்லை விவரம், முடிந்த பிறகு, 'மாமூல் வழித்தட பாத்தியம் சகிதம்' என்று ஒரு வரி இருக்கும், வண்டி, கால்நடை போக வர உள்ள தடம் எந்தத் திசையில் எத்தனை அடி அகலம் என்றுகூட சிலதில் எழுதியிருப்பார்கள். அந்த வரிதான் உங்கள் வழக்கு. இந்த வகைக்கு சிவில் கோர்ட்டுதான், தாலுகா ஆபீஸில் சொன்னது இதுவாக இருக்கலாம்.

எப்படியிருந்தாலும் அந்த மனைப்பிரிவு வரைபடத்தின் நகலை வாங்கிப் பாருங்கள். பொதுப் பாதையை மறைத்து அனுமதி வாங்கியிருந்தால் அனுமதியையே ரத்து செய்யக் கேட்கலாம். அ-பதிவேடு, புலப்படம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

திருச்செங்கோடு: ஐயா, பஞ்சாயத்து அப்ரூவல் சைட்டுக்கு பேங்க் லோன் கிடைக்குமா?

பல்லடத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கோபி: தடப்பள்ளி வாய்க்கால் பாசன நஞ்சை 2 ஏக்கர் வாங்கி குடோன் கட்டலாம் என்று இருக்கிறேன். மாற்றிக்கொள்ள வழி உண்டா?

முழுமைத் திட்டத்துக்குள் (மாஸ்டர் பிளான்) வராத ஊர் என்றால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவு, நஞ்சை என்பதால் கலெக்டரின் இசைவும் வேண்டும், வேளாண் துறையிடமும் அறிக்கை கேட்பார்கள். திட்டத்துக்குள் வருகிற இடம் என்றால் நில உபயோக மாற்றத்துக்கு விளம்பரம் கொடுத்து ஆட்சேபணை கேட்க வேண்டும். வழி இருக்கிறது. ஆனால் அந்த வயலை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். கொடிவேரித் தண்ணீர் பாய்கிற பூமியில் மண்ணைக் கொட்டி மேடாக்கினால் கடைமடைக்காரனுக்கு வரப்பு வழியாகப் போகிற தண்ணீரும் நிற்கும். குடோனுக்கு மேட்டுப் புஞ்சை எவ்வளவோ கிடைக்கும்.

உடுமலை: எங்கள் நகரில் ரிசர்வ் சைட்டில் எல்லாரும் வசூல் போட்டுப் பிள்ளையார் கோயில் கட்டினோம். இப்போது மீதி இடத்தில் கல்யாண மண்டபம் கட்டலாம் என்கிறார்கள். நகராட்சியில் அனுமதி வாங்க முடியுமா?

முடியாது, கேட்கவும் வேண்டாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டுகிற மனைப்பிரிவில், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தான செட்டில்மெண்ட் எழுதித் தர வேண்டும். அதுதான் ரிசர்வ் சைட், பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் உள்ள இடம். குடியிருப்போர் சங்கத்துக்கு அதில் உரிமை இல்லை.

உடுமலைக்காரருக்காக வேறொருவர், பொள்ளாச்சி: கோயிலும் பொதுதானுங்களே? காலி இடமாக விட்டால் சீமைக்கருவேலம் முளைத்துக் குப்பை கொட்டுகிறார்கள். கோயில் வந்த பிறகுதான் சுத்தமாச்சு. உங்களுக்குச் சாமி மேல் என்ன கோபம்?

சாமி மேல் ஒரு கோபமும் இல்லைங்க, நானும் கும்பிடுகிறவன்தான். குப்பை கொட்டினால் கேட்க வேண்டியது நகராட்சியை. வேலி போட்டு மரம் வைக்கச் சொல்லி உங்கள் கவுன்சிலரைத் தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். மண்டபம் வந்தால் என்ன ஆகும்? பூட்டுச் சாவி நாலு பேர் கைக்குப் போகும், வாடகைக்கு விடுவார்கள், முகூர்த்த நாளில் தெருவில் வண்டி நிற்க இடம் இருக்காது, பிள்ளைகள் ரோட்டில் விளையாடும். சைட் வாங்கிய ஒவ்வொருவரும் அந்தப் பூங்காவுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்திருக்கிறார்கள்.

பொள்ளாச்சி: ஊரே சம்மதித்தால் கூடவா?

கூடத்தான். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டு, 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. ஆஸ்பத்திரியும் ஊருக்கு வேண்டியதுதான், இருந்தும் பூங்கா பூங்காவாகவே இருக்கட்டும் என்றார்கள். இன்றைக்கு இருக்கிறவர்களின் சம்மதம் நாளைக்குப் பிறக்கிற பிள்ளையின் இடத்தை எழுதிக் கொடுக்காது.

நாமக்கல்: நடுவில் கேட்கிறேன், பஞ்சாயத்து அப்ரூவல் என்று...

மேலே இரண்டு முறை வந்துவிட்டது. இனி இதற்குப் பதில் எழுத மாட்டேன்.

உடுமலை: ஐயா, மண்டபப் பேச்சை விட்டுவிடலாம் என்று வீட்டிலும் சொல்கிறார்கள். ஆனால் ஒன்று. சைட் போட்டவரின் பையன் வந்து 'அந்த இடம் இன்னும் எங்க அப்பா பேரில்தான் இருக்கு' என்கிறார். இது எப்படி?

இதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். சிலர் வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்துக் காட்டிவிட்டு தானப் பத்திரம் எழுதாமலே விட்டுவிடுவார்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து, ஊர் வளர்ந்து செண்ட் விலை ஏறிய பிறகு, வாரிசுகள் பாகம் பிரித்து அதையும் சைட்டாக விற்பார்கள். கோயிலையும் மண்டபத்தையும் பற்றி நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் கிரயம் முடித்துவிடுவார்.

நாளைக்கே செய்ய வேண்டியது: அந்த சர்வே எண்ணுக்கு, மனைப்பிரிவு போட்ட வருடத்திலிருந்து இன்றுவரை வில்லங்கச் சான்று போடுங்கள். ஆணையாளர் பெயருக்குத் தானப் பதிவு இருந்தால் பட்டாவையும் நகராட்சி பெயருக்கு மாற்றச் சொல்லி மனு. இல்லையென்றால் அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகலோடு ஆணையாளருக்கும் சார்பதிவாளருக்கும் பதிவுத் தபாலில் ஆட்சேபணை. கூடவே 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு ஒன்று நகராட்சிக்கு. அதில் இப்படி எழுதுங்கள்: 'மேற்படி மனைப்பிரிவின் அனுமதி எண், அதில் திறந்தவெளிக்கு ஒதுக்கிய பரப்பு, அந்தப் பரப்பை ஒப்படைத்த தானப் பத்திரத்தின் எண் மற்றும் தேதி, நகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் அது பதிவான பக்கத்தின் நகல் ஆகியவற்றைத் தரவும்.' 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு போடுங்கள், வந்தால் இங்கே கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.