அம்பு பட்டு ஓடிய மானை வேட்டைக்காரர்கள் எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதல் வேலை, பின்னாலேயே ஓடாமல் இருப்பது. ஆறு வருடமாக அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உரிமம் எடுத்து, அக்டோபரில் வில் வேட்டைக்குப் போகிறேன். (இந்தியாவில் 1972 வனவுயிர்ச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். நான் சொல்வது இங்குள்ள வெள்ளைவால் மானைப் பற்றி.)

காயம்பட்ட மானை யாரும் துரத்தாவிட்டால், பெரும்பாலும் பக்கத்துப் புதரிலோ ஓடைக்கரையிலோ படுத்துவிடும். ஆள் வருவது தெரிந்தால் எழுந்து ஓடும். அப்புறம் தடம் கிடைப்பது கஷ்டம். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை ரத்தத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், அரை மணி நேரம் போதும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், 4 முதல் 6 மணி நேரம். அம்பில் பச்சையாக ஒட்டிக்கொண்டு சாண நாற்றம் அடித்தால் குடல். 8 முதல் 12 மணி நேரம் பொறுக்க வேண்டும்.

மூன்றாவது சீசனில் எனக்கு வாய்த்தது அந்தக் குடல் அடிதான். பொழுது சாயும் நேரம், 40 கெஜம் தூரம். அம்பு பட்டதும் மான் துள்ளவில்லை, முதுகைக் கூனிக்கொண்டு மெல்ல நடந்து மறைந்தது. ஒரு உயிர் ராத்திரி முழுக்க வலியோடு கிடக்குமே என்று மனசு கேட்காமல் டார்ச்சை எடுத்துவிட்டேன். கூட வந்த பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தினார். இப்போது போனால் அதை எழுப்பித்தான் விடுவாய், நரியும் கயோட்டியும் (ஓநாய் மாதிரி ஒரு காட்டு விலங்கு)தான் தின்னும் என்றார். அன்று நான் தூங்கவில்லை.

விடிந்ததும் தடத்தை மிதிக்காமல் ஓரமாகவே நடந்தோம். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு ஆரஞ்சு ரிப்பன் கட்டினோம். உதிர்ந்து கிடந்த சிவப்பு மேப்பிள் இலைகளில் ரத்தம் எது, இலையின் புள்ளி எது என்று தெரியவில்லை. சந்தேகம் வந்த இடத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு தெளித்தோம், ரத்தமாக இருந்தால் நுரைக்கும். 80 கெஜத்தில் ரத்தச் சொட்டும் நின்றுபோனது.

அதற்குப் பிறகு நம்மால் ஆகாது, மோப்ப நாய்தான். கயிற்றில் பிடித்த நாயை வைத்துத் தேட இந்த மாநிலம் 2018-இல்தான் அனுமதித்தது. ஒருவர் தன் டாக்ஸ்ஹண்ட் நாயோடு வந்தார். முழங்கால் உயரம்கூட இல்லாத நாய். சொட்டு ரத்தம் இல்லாத இடத்திலும் மூக்கைத் தரையிலிருந்து எடுக்காமல் இழுத்துக்கொண்டே போனது. அடுத்த நிலத்தின் எல்லை வந்ததும் அங்கேயே நின்று, உரிமையாளருக்கு போன் செய்து அனுமதி கேட்டோம். கேட்காமல் கால் வைக்கக் கூடாது.

ஓடை ஓரம் முள்புதருக்குள் கிடந்தது. ராத்திரி நல்ல குளிர், அதனால் கறி கெடவில்லை. கொஞ்ச நேரம் அதன் கழுத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அன்று முதல், 25 கெஜத்துக்கு அப்பால் நிற்கும் மானுக்கு நான் வில்லை இழுப்பதில்லை.