அடுப்பைப் பிரித்தது ஆயிரம் ரூபாயா?

கேள்வி: மகளிர் உரிமைத் தொகை வந்த பிறகு எங்கள் தெருவில் மூன்று குடும்பங்களில் மகன்கள் தனி ரேஷன் கார்டு வாங்கித் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். கூட்டுக் குடும்பத்தை அரசே உடைக்கலாமா? குடும்ப விவகாரத்தில் அரசுக்கு என்ன வேலை? – வாசகர், கும்பகோணம்.

பதில்: குடும்பத்துக்குள் அரசு இல்லாத காலம் ஒன்று இருந்ததுபோல் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஏங்கும் அந்தக் கூட்டுக் குடும்பமே சொத்துச் சட்டத்தின் மேல் நின்றதுதான். பூர்விகச் சொத்தில் மகனுக்குப் பிறந்ததுமே பங்கு, மகளுக்குச் சீர்வரிசை. அந்த ஏற்பாட்டை நீதிமன்றங்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்தன. அப்போது யாரும் அரசுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கவில்லை.

பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. அந்த 1989ஆம் ஆண்டுச் சட்டமும், அவ்வாண்டு மார்ச் 25க்கு முன்பே திருமணமான மகள்களை விலக்கி வைத்தது. ஒரே வீட்டில் அக்காவுக்குப் பங்கில்லை, தங்கைக்கு உண்டு. 2005இல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம்தான் அந்தப் பாகுபாட்டைப் போக்கியது. இன்றும் எத்தனை வீடுகளில், அண்ணன் தம்பி மனம் கோணக்கூடாதென்று பெண்கள் சொத்தில் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறந்த வீட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்புகிறார்கள்! கூட்டுக் குடும்பத்தின் பெருமையைப் பேசும்போது அந்தக் கையெழுத்தையும் சேர்த்துப் பேசுங்கள்.

இனி உங்கள் தெருவுக்கு வருகிறேன். அந்த மூன்று மருமகள்களில் ஒருவரிடமாவது, ஏன் தனியே போனீர்கள் என்று கேட்டீர்களா? 2023 செப்டம்பரில் தொடங்கிய இந்தத் திட்டம் ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் சேர்க்கிறது. காய்கறி வாங்கக்கூடக் கணவனிடம் கேட்டு நின்ற பெண்ணுக்கு, தன் பெயரில் மாதந்தோறும் வரும் முதல் பணம் அதுவாக இருக்கலாம். இந்தத் தொகை மட்டும் ஒரு குடும்பத்தைப் பிரித்துவிடும் என்றால், அந்தக் குடும்பம் எதன் பலத்தில் சேர்ந்திருந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்தத் தொகை ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்ணுக்குத்தான். மாமியாரும் மருமகளும் ஒரே அட்டையில் இருந்தால், தகுதி இருவருக்கும் இருந்தாலும், ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். தனி அட்டை கேட்டாலோ தனிச் சமையலைக் காட்ட வேண்டும். விசாரணைக்கு வருபவர் அடுப்பையும் கேஸ் இணைப்பையும் பார்ப்பார். வீட்டு வேலையைப் பகிர்ந்துகொண்டு ஒரே உலையில் சோறு வடிக்கும் இரண்டு பெண்களுக்கு ஒரு பங்கு, பிரிந்து போனால் இரண்டு பங்கு. அரிசி அளந்து போடுவதற்காக உண்டான அட்டையை உரிமைக்கும் அளவுகோலாக்கியதன் விளைவு இது. பெண்ணின் உழைப்புக்கு மதிப்பளிப்பதாகச் சொல்லும் திட்டம், அந்த உழைப்பை அட்டைக் கணக்கில் எண்ணுவது தவறு. அதை உரக்கச் சொல்ல வேண்டும்.

இதைவிட ஆழமாகக் குடும்பத்துக்குள் கை வைத்த விதி ஒன்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் வந்த பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் பெண் குழந்தையின் பெயரில் அரசு பணம் போட்டு வைக்கிறது. நல்ல நோக்கம். நிபந்தனை என்ன தெரியுமா? பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும். ஆண் குழந்தை இருக்கக் கூடாது. 'ஒருவர்' என்றுதான் விதி சொல்கிறது. ஆனால் ஆண்கள் செய்துகொள்ளும் கருத்தடை இந்த மாநிலத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மகளின் வைப்புத்தொகைக்காக அறுவை மேசையில் படுப்பவள் தாய்தான். குடும்பத்தில் அரசின் தலையீடு என்று சினம் கொள்வதாக இருந்தால் இங்கே கொள்ளுங்கள். உங்களோடு நானும் நிற்பேன்.

விதிகள் மாறக்கூடியவை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கிய திருமண உதவித் திட்டம் 2022இல் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமாக மாறியது. தாலிக்குத் தங்கம் நின்றதில் சிலருக்கு வருத்தம், எனக்கு மகிழ்ச்சி. மகளுக்கு மாப்பிள்ளை தேடத் தொடங்கும் வயதை மூன்று ஆண்டுகள் தள்ளிப்போடத் தகப்பனுக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

ஆகவே, திட்டத்தை நிறுத்து என்று கேட்காதீர்கள். அட்டைக்கு ஒருவர் என்ற வரம்பை எடுத்துவிட்டு, தகுதியுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியே கொடு என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். செலவு கூடும் என்பார்கள்; கூடத்தான் செய்யும், கணக்கை வைத்து விவாதிக்கலாம். எழுதினால் ஒரு நகலை எனக்கும் அனுப்புங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.