யாழ்ப்பாணத்து இளம் பிள்ளைகள் ஏன் முதலாளித்துவத்தில் நம்பிக்கை இழக்கினம்?

“படிச்சு உழைச்சால் முன்னேறலாம்” எண்ட சொல்லை நம்பி வளந்த பிள்ளைகளுக்கு 2022இல் இலங்கையில வந்த பொருளாதார நெருக்கடியோட அந்தக் கணக்குப் பிழைச்சுப் போச்சு. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நிண்ட டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் விலைவாசி முந்தின வருசத்தைவிட 70 வீதமளவில் கூட. சம்பளம் அப்பிடி ஏறேல்லை.

என்ர மச்சாள் பட்டதாரி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு கடையில் கணக்கு எழுதுறாள். மாசக் கடைசியில் கொப்பியில் பஸ் காசு, லீசிங் தவணை, அடகு வட்டி எல்லாம் கழிச்சு அடியில் கோடு கீறுவாள். கோட்டுக்குக் கீழ எழுத ஒண்டும் மிஞ்சாது. இதைச் சோம்பேறித்தனம் எண்டு ஆரும் சொன்னால் எனக்குக் கோவம்தான் வரும்.

வெளிநாட்டில் உறவு இருக்கிற வீடு தப்பிச்சுது, இல்லாத வீடு கடன்பட்டுது. உழைப்பு ரெண்டு வீட்டிலையும் ஒண்டுதான். மூளாய்க் கிராமத்தில் தனி முதலாளி இல்லாமல் சனம் சேர்ந்து கூட்டுறவு ஆஸ்பத்திரியே கட்டின ஊர் இது; அந்தக் கதையை இப்ப பெடியள் திரும்பக் கேக்கினம்.