ஸ்பிரே அடித்தும் போகாத சின்னக் கரப்பான்கள்

ஸ்பிரே அடித்தால் இரண்டு நாள் அடங்கி மறுபடி வருகிறது, ஃபிரிட்ஜ் பக்கம்தான் அதிகம் என்கிறீர்கள். வெளிர் பழுப்பு நிறமாக, தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். சாக்கடையிலிருந்து ஏறி வரும் பெரியது வேறு. இது வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும் ரகம். பெட்டை 30, 40 முட்டை உள்ள பையைப் பின்னால் சுமந்தபடி, பொரியும் தறுவாய் வரை இடுக்கில் பதுங்கியிருக்கும். ஸ்பிரே அங்கே எட்டாது.

முதலில் ஸ்பிரேயை நிறுத்துங்கள். கரப்பான் ஜெல், அதாவது விஷம் கலந்த பசை போன்ற தீனி, ஊசிக்குழலில் கிடைக்கும். ஃபிரிட்ஜ் மோட்டார் ஓரம், அலமாரிக் கீல், சிங்க்குக்கு அடியில் என்று கடுகளவு கடுகளவாக வையுங்கள். தின்றது உடனே சாகாது. இடுக்குக்குப் போய்ச் சாகும், அதன் எச்சத்தையும் உடலையும் தின்கிற மற்றவையும் சாகும். பக்கத்தில் ஸ்பிரே வாடை இருந்தால் ஜெல்லைத் தொடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரப்பானை விரட்ட என்று வைக்கிற பிரியாணி இலை, கிராம்பு எல்லாம் வாசனைக்குச் சரி, அவ்வளவுதான்.

இரவில் சிங்க்கைத் துடைத்துக் காயவிடுங்கள், தண்ணீர் இல்லாமல் அதற்கு நாள் ஓடாது. அப்புறம், மளிகை வரும் அட்டைப்பெட்டியைச் சமையலறையில் சேர்க்காதீர்கள். புதுக் குஞ்சுகள் பொரிந்து வரும், அதனால் இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு முறை ஜெல் வைத்துவிடுங்கள்.