அப்பாவின் லென்ஸ்

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. மதுரையிலிருந்து வரும் அச்சுத் தொழில் மாத இதழ் ஒன்றில் 37 வருடம் வேலை பார்த்தார். பிரஸ் பிரஸ்ஸாக ஏறி இறங்கி எழுதியவர். மூன்று மாதம் முன்பு ஓய்வு பெற்றார். கடைசி இதழில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் நாலு வரியும் போட்டார்கள். அன்றிலிருந்து அதிகம் பேசுவதில்லை. முன்பெல்லாம் கல்யாணப் பத்திரிகை வந்தால், யார் வீட்டுக் கல்யாணம் என்று பார்ப்பதற்கு முன்பே லென்ஸை வைத்து, கலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். இப்போது பிரிக்காமலே டிவி பக்கத்தில் வைத்துவிடுகிறார். பரண் முழுக்க அவருடைய பழைய இதழ்கள், நோட்டுகள், போட்டோக்கள். "எல்லாத்தையும் எடைக்குப் போட்டுரு" என்கிறார். அம்மாவுக்கும் அந்த இடம் வேண்டும். என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், செல்லூர், மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எடைக்குப் போடாதீர்கள். அப்பாவே சொன்னாலும் போடாதீர்கள். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதத்தில் ஒருவர் தன் உழைப்பைப் பற்றிச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. "சரிப்பா, பாக்கலாம்" என்று சொல்லித் தள்ளிப்போடுங்கள்.

இதில் எனக்குச் சொந்தக் கடன் ஒன்று உண்டு. இருபது வருடம் முன்பு என் சிறு புத்தகம் ஒன்றின் அட்டையை ஒரு பிரஸ்ஸில் அடிக்கக் கொடுத்தேன். ஐப்பசி அடைமழை. வந்த அட்டையில் கலர் விலகி, முகத்தில் உதடு இரட்டையாகத் தெரிந்தது. பிரஸ்காரர் பிளேட்டைக் குறை சொன்னார், நான் பிரஸ்காரரைக் குறை சொன்னேன். கடைசியில் பைண்டிங் செய்யும் பெரியவர் ஒருவர் உங்கள் அப்பா எழுதிய மாதிரி ஒரு தொழில் இதழை எடுத்துவந்து காட்டினார். ஒரு தடவைக்கு ஒரே கலர் அடிக்கும் மெஷினில் நாலு தடவை ஓட வேண்டிய தாள், ஒரு கலருக்கும் அடுத்த கலருக்கும் நடுவில் திறந்து கிடந்தால் ஓரத்தில் ஈரம் வாங்கி நீண்டுவிடும், அப்புறம் மூன்றாவது, நாலாவது கலர் எப்படி வைத்தாலும் உட்காராது என்று அதில் எழுதியிருந்தது. ரீமை மூடிவைத்து மறுபடி அடித்தோம், சரியாக வந்தது. அந்தக் கட்டுரையை எழுதியவர் பெயரைக்கூட நான் அன்று கவனிக்கவில்லை. இன்றுவரை வருத்தம்தான்.

ஊரில் உள்ள எல்லாவற்றையும் அச்சடித்துக் கொடுக்கும் தொழில், தன்னைப் பற்றி அடித்துக்கொண்டது ரொம்பக் குறைவு. 1901-ல் பாண்டித்துரைத் தேவர் நம் மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்தார். சங்கத்துக்கென்றே ஓர் அச்சகமும் இருந்தது. அங்கே நூல்களைப் பதிப்பித்த புலவர்களின் பெயர்கள் அட்டையிலேயே இருக்கின்றன. எழுத்துக் கோத்தவர்கள் யார்? இன்னொன்று. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு அரசாணை வந்தது. தும்பிக்கை போலக் கொம்பு சுழித்த பழைய 'லை'யும் 'னை'யும், பழைய 'றா'வும் 'ணா'வும் போயின. ஆணையின் வருடம் யாருக்கும் கிடைக்கும். ஆனால் அந்த ஈய எழுத்துகளை, அவற்றைக் கையால் கோத்த நம் ஊர் கம்பாசிட்டர்கள் என்ன செய்தார்கள்? உருக்கப் போட்டார்களா? எழுத்துகளைப் போட்டுவைக்கும் பெட்டியான கேஸில் அந்தக் குழிகள் பல வருடம் சும்மா கிடந்தனவா? ஆப்செட்டும் கம்ப்யூட்டரும் வந்தபோது அவர்களில் எத்தனை பேர் கீபோர்டுக்கு மாறினார்கள், எத்தனை பேர் வேறு வேலை தேடிப் போனார்கள்? இதற்கெல்லாம் பதில் எங்காவது இருக்குமென்றால் உங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கும். அப்பா சேர்ந்த காலத்தில் அந்தக் கம்பாசிட்டர்கள் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைக் கையில் வைத்துக்கொண்டு வேலையில்தான் இருந்திருப்பார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். அம்மாவின் நியாயத்தையும் பார்க்க வேண்டும். இத்தனை வருடம் பரணை விட்டுக்கொடுத்தவர் அவர். எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டியதில்லை. முதலில் நோட்டுகளைக் கீழே இறக்குங்கள், பிறகு போட்டோக்களை. அச்சான இதழுக்கு இன்னொரு பிரதி எங்காவது இருக்கலாம், நோட்டுக்கு இருக்காது. இதழ்களில் ஒரே மாதத்துக்கு நாலைந்து பிரதி இருந்தால் இரண்டு போதும், மீதியைத் தாராளமாகப் போடலாம். அலுவலகத்தில் முழு செட் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் நிம்மதி.

பரண் சூடு தாளுக்கு எமன். பீரோவின் கீழ்த்தட்டு கிடைத்தால் நல்லது. சுவரை ஒட்டி வேண்டாம். கிழிந்த பக்கத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள், பின்னால் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துக் கெடுக்கும். ரப்பர் பேண்டும் வேண்டாம், நூல் கட்டுங்கள்.

ஒரு நாள் கொடுக்கத் தோன்றினால், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு பட்டியலோடு எழுதிக் கேளுங்கள். அது கோட்டையூர்க்காரர் ஒருவர் தன் வீட்டில் சேர்த்த தாள்களிலிருந்து 1994-ல் உருவானது. நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கிப்போட்டதை எல்லாம் அவர் எடுத்துவைத்தார். ஆனால் அவசரம் இல்லை. அப்பா இருக்கும்போதே அது வீட்டைவிட்டுப் போக வேண்டாம்.

அப்பாவைப் பேசவைப்பதுதான் கஷ்டம். "உங்க அனுபவத்தைச் சொல்லுங்கப்பா" என்று உட்காரவைத்தால் எழுந்து போய்விடுவார். வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லும் நாற்காலி பழக்கம் இல்லை. ஒரு போட்டோவை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். "இது என்ன மெஷின்ப்பா?" என்று கேளுங்கள். மெஷினைப் பற்றிக் கேட்டால் அவர் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார். அடுத்து, "ஓட்டுறது யாரு?" பெயர் வரும். போட்டோவின் பின்னால் ஓரத்தில், அழுத்தாமல் பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், முன்பக்கம் பதியும். ஒரு நாளைக்கு ஒரு போட்டோ போதும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். தூக்கம், சாப்பாடு இரண்டும் வாரக்கணக்கில் குறைந்திருந்தால் இதெல்லாம் அப்புறம், முதலில் டாக்டர். நம் ராஜாஜி அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. கூட்டிப் போவதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

அந்த நாலு வரி உங்களுக்கு வலித்திருக்கிறது. அவருக்கும் வலித்திருக்கும். இன்னும் பெரிதாகப் போட்டிருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். அதற்காக மேடை, சால்வை என்று நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டாம். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்களை வெளியிடுவார்கள் என்பது அப்பாவுக்கு நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இத்தனை வருடம் வேலையாகப் போயிருப்பார். இந்த ஆடி 18-க்கு நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். குறிப்பு எடுக்க வேண்டாம், கட்டுரை கொடுக்க வேண்டாம். விருதுநகர் வழியாக பஸ்ஸில் இரண்டு மணி நேரம், ஜன்னல் சீட்டை அவருக்குக் கொடுங்கள். கிளம்பும் முன் லென்ஸை உங்கள் கைப்பையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆல்பத்தைப் புரட்டும்போது அவரே கேட்பார்.