குடிலில் பாலன் எப்போது?

கேள்வி: டிசம்பர் வந்தாலே ஸ்டார், கேக், புதுத்துணி என்றே நாள் ஓடுகிறது. பிள்ளைகள் மனதில் பாலன் இயேசு நிற்க வீட்டில் என்ன செய்யலாம்?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்திலேயே தொடங்குங்கள். நவம்பர் 30-ஐ ஒட்டி வரும் ஞாயிறுதான் அதன் முதல் நாள். பச்சை இலை வளையத்தில் 4 மெழுகுவர்த்திகள் வையுங்கள்: 3 ஊதா, 1 இளஞ்சிவப்பு. முதல் வாரம் ஒன்றை ஏற்றுங்கள், பிறகு வாரத்துக்கு ஒன்று கூடும். இளஞ்சிவப்பு மூன்றாம் ஞாயிறுக்கு உரியது. அது மகிழ்ச்சியின் ஞாயிறு. தினமும் இரவு ஜெபத்தில் 10 நிமிடம் எரிந்தால் போதும். முதல் திரி நான்கு வாரமும் எரிய வேண்டும் என்பதால் ஒல்லி மெழுகுவர்த்தி பாதியிலேயே தீர்ந்துவிடும், தடித்ததாக வாங்குங்கள். காய்ந்த இலை சட்டென்று தீப்பிடிக்கும், வாராவாரம் மாற்றிவிடுங்கள்.

பலர் தவறுவது, இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலில்தான். கட்டிய அன்றே பாலன் சுரூபத்தையும் வைத்துவிட்டால் பிள்ளைகளுக்குக் காத்திருக்க என்ன மிஞ்சும்? 24-ஆம் தேதி இரவு வரை வைக்கோல் வெறுமையாகவே இருக்கட்டும். அன்று பூசைக்குப் போய்வந்ததும் லூக்கா 2:1-20 வாசியுங்கள். ஏழாம் வசனத்தில், தீவனத் தொட்டியில் கிடத்தினார் என்ற இடம் வரும்போது, வீட்டின் கடைக்குட்டி தன் கையால் பாலனைக் கிடத்தட்டும். கேக் அதற்குப் பிறகு.

பாலனைத் தேடி வந்த மூன்று ஞானிகளின் சுரூபங்களை அலமாரி ஓரத்திலிருந்து தினம் ஒரு சாண் நகர்த்தி, ஜனவரி 6 அன்று குடிலில் சேருங்கள்.